டாம் டேலி எதை ‘ஒப்புக்கொண்டார்’? பிரபலம் ஒருவர் தன்னை வெளிப்படுத்திக்கொண்ட செய்தியை எழுதுவது எப்படி

2013 டிசம்பர் தொடக்கம். பிரிட்டனின் டைவிங் வீரர் டாம் டேலி யூட்யூபில் ஒரு வீடியோ போட்டிருக்கிறார் என்று ஏஜென்சி செய்தி வந்து விழுந்தது. பக்கத்தை முடித்து அனுப்ப இன்னும் இருபது நிமிடம்தான். நான் வைத்த தலைப்பு இது: ‘ஓரினச்சேர்க்கையாளர் என ஒப்புக்கொண்டார் டாம் டேலி’. பத்தி அகலத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

மறுநாள் எங்கள் பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தான். “அக்கா, எதை ஒப்புக்கிட்டாராம்? எங்கயாச்சும் திருடிட்டாரா?”

சிரித்துச் சமாளித்தேன். அவன் விடவில்லை, வீடியோவையே போட்டுக் காட்டினான். ஒருவரைச் சந்தித்தேன், அவர் ஓர் ஆண், சந்தோஷமாக இருக்கிறேன் என்கிறார் டேலி. பெண்களும் எனக்குப் பிடிக்கும்தான் என்கிறார். அப்போது அவருக்கு வயது 19. ‘கே’ என்ற சொல்லை அந்த வீடியோவில் அவர் சொல்லவே இல்லை. என் தலைப்பில் பெயரைத் தள்ளிவிட்டால் மிச்சம் மூன்று சொற்கள். அதில் இரண்டு தப்பு.

அந்த இரண்டு சொற்களிலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் குறிப்பு. டெஸ்க்கில் இருப்பவர்களுக்கும், சொந்தமாகச் சேனலோ பக்கமோ நடத்துபவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் மூலத்தைத் தேடுங்கள்

செய்தி கைக்கு வந்ததும் தலைப்பை யோசிக்காதீர்கள். அவர் சொன்னது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இடத்தையும் வார்த்தையையும் யோசித்துத் தேர்ந்தெடுத்துத்தான் சொல்கிறார்கள். பாடகர் ரிக்கி மார்ட்டின் 2010 மார்ச்சில் தன் சொந்த இணையதளத்தில் எழுதினார். ஆப்பிள் நிறுவனத்தின் டிம் குக் 2014 அக்டோபர் 30 அன்று ஒரு வணிக இதழில் கட்டுரையாக எழுதினார். அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஆண்டர்சன் கூப்பர் 2012-ல் நண்பரான இன்னொரு பத்திரிகையாளருக்கு மின்னஞ்சல் எழுதி, அதை வெளியிட அனுமதித்தார். பாடகர் ஃபிராங்க் ஓஷன் அதே ஆண்டு ஜூலையில் ஒரு கடிதத்தை இணையத்தில் போட்டார். எல்லாமே முழுதாகப் படிக்கக் கிடைக்கிறவை. படிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இவர் எதுவரை சொல்லியிருக்கிறார்? ஓஷனின் கடிதத்தில், பத்தொன்பது வயதில் தனக்கு முதன்முதலாகக் காதல் வந்தது ஓர் ஆண் மேல் என்று இருக்கிறது. தன்னை இன்னார் என்று எந்தப் பெயராலும் அதில் அவர் அழைத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் உங்கள் செய்தியிலும் பெயர் கிடையாது. ‘என் முதல் காதல் ஓர் ஆண் மீது: ஃபிராங்க் ஓஷன்’ என்று தலைப்பு போடலாம், செய்தி அப்படியே முழுசாக வந்துவிடுகிறது. ‘இருபாலீர்ப்பாளர் ஓஷன்’ என்று போட்டால் அது உங்கள் கண்டுபிடிப்பு.

சொல்லாமல் நிற்பவர்களும் உண்டு. இந்திப் பட இயக்குநர் கரண் ஜோஹர் 2017-ல் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, என் பாலீர்ப்பு என்ன என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த மூன்று சொற்களை நான் சொல்ல மாட்டேன் என்கிற பொருளில் எழுதினார். தன்பாலீர்ப்பு உறவுக்காகச் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டம் நாட்டில் இருந்ததைக் காரணமாகச் சொன்னார். இந்தியாவில் அந்தச் சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் நீர்த்துப்போகச் செய்தது 2018 செப்டம்பர் 6 அன்று. ஆக, அவர் எழுதிய ஆண்டில் அந்தப் பயம் வெறும் சாக்கு இல்லை. இந்தச் செய்தியை எழுதுகிற பலரும் அந்த மூன்று சொற்களைத் தாங்களே நிரப்பிவிடுவார்கள். நிரப்பாதீர்கள். சொல்ல மாட்டேன் என்று ஒருவர் சொன்னதும், ஏன் என்பதற்கு அவர் கொடுத்த காரணமும்தான் அங்கே செய்தி.

வினைச்சொல்

இதில்தான் நம் மொழி நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. ஏஜென்சி ஆங்கிலத்தில் ‘அட்மிட்’ என்றோ ‘அக்னாலெட்ஜ்’ என்றோ இருக்கும். அகராதியைத் திறக்காமலே கை ‘ஒப்புக்கொண்டார்’ என்று தட்டிவிடும். தமிழில் யார் ஒப்புக்கொள்கிறார்கள்? போலீஸ் பிடித்தவர், லஞ்சம் வாங்கியவர், ஊக்கமருந்து சாப்பிட்டவர். ‘வாக்குமூலம்’ இன்னும் மோசம், அதற்குக் கூண்டும் நீதிபதியும் வேண்டும். ‘போட்டுடைத்தார்’ என்றால் யாரோ கட்டிக் காத்த பானை ஒன்று இருந்திருக்க வேண்டும். ‘மௌனம் கலைத்தார்’ என்பதில், இவ்வளவு நாள் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தவர் என்கிற தொனி ஒளிந்திருக்கிறது. ‘மனம் திறந்தார்’ தேய்ந்துபோன நாணயம். அதை வைத்துச் சமையல் குறிப்புக்கும் தலைப்பு போட்டுவிட்டோம்.

நான் இப்போது வைத்திருப்பவை மூன்றுதான்: சொன்னார், எழுதினார், அறிவித்தார். மேடையிலோ ஊடகத்திலோ முறைப்படி சொல்லியிருந்தால் மட்டும் ‘அறிவித்தார்’. ‘தன்னை வெளிப்படுத்திக்கொண்டார்’ என்பதும் சரிதான், ஆனால் அதைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்வேன், தலைப்புக்கு அது கொஞ்சம் கனம். ஆங்கிலத்தின் ‘கம் அவுட்’டை ‘வெளியே வந்தார்’ என்று அப்படியே மாற்றி எழுதுபவர்கள் உண்டு. விவரம் தெரியாத வாசகர், எந்தச் சிறையிலிருந்து என்று கேட்பார்.

டிம் குக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். என் பாலீர்ப்பை நான் ஒருபோதும் மறுத்ததில்லை, ஆனால் இதுவரை பொதுவெளியில் உறுதிசெய்ததும் இல்லை என்று எழுதுகிறார். ஆப்பிளில் தன்னோடு வேலை செய்யும் பலருக்கும் இது தெரியும் என்றும் எழுதுகிறார். இவ்வளவும் படித்த பிறகு ‘ரகசியத்தை உடைத்தார் ஆப்பிள் தலைவர்’ என்று எப்படிப் போட முடியும்? ரகசியமே இல்லையே. எனக்கு ஒதுக்கியது இரண்டு வரி என்றால் இப்படி எழுதுவேன்: ‘ஆப்பிள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக், தான் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்று எழுதியிருக்கிறார். அது கடவுள் தனக்குத் தந்த மிகப் பெரிய வரங்களில் ஒன்று என்கிறார்.’ வரம் என்ற சொல் அங்கே எனக்குச் சும்மா கிடைத்தது. அவருடைய சொல்லுக்கு நேர்ச்சொல் ‘பரிசு’தான். கடவுள் கொடுத்தால் தமிழில் அது வரம்.

நேரடிப் பேச்சை மாற்றும்போது அதன் நடையையும் பிடியுங்கள். 1997 ஏப்ரலில் டைம் இதழின் அட்டையில் அமெரிக்க நகைச்சுவை நடிகை எலன் டிஜெனரஸ் சொன்னது மூன்றே சொல். அதில் முதல் சொல் ‘யெப்’. ‘ஆம், நான் ஒரு தன்பாலீர்ப்பாளர்’ என்று எழுதினால் பள்ளி ஆண்டுவிழாப் பேச்சு மாதிரி ஆகிவிடும். அந்த ‘யெப்’புக்குள், எத்தனை நாளாக இதையே கேட்கிறீர்கள் என்கிற சலிப்பும் குறும்பும் இருக்கின்றன. ‘ஆமாம்பா, நான் கே தான்.’ அவ்வளவுதான். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் வீரர் ஜேசன் காலின்ஸ் 2013-ல் எழுதியது இன்னொரு தினுசு: ‘எனக்கு 34 வயது, என்பிஏ-வில் சென்டர் ஆடுகிறேன். நான் கறுப்பர். நான் கே.’ இதை ‘கறுப்பினத்தைச் சேர்ந்த, 34 வயதான, தன்பாலீர்ப்பாளரான என்பிஏ வீரர்’ என்று ஒரே மூச்சில் பின்னிவிட்டால் மூன்று முற்றுப்புள்ளிகளும் போய்விடும். அவர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னதை நீங்களும் நிறுத்தியே சொல்லுங்கள்.

பெயர்ச்சொல்

‘ஓரினச்சேர்க்கையாளர்’ நம் பத்திரிகைகளில் வேர் பிடித்த சொல். அதில் ‘சேர்க்கை’ என்ற பகுதியை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். படுக்கையறையைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை. ஒரு பாடகர், யாரை எனக்குப் பிடிக்கும் என்பதைச் சொல்கிறார். நாமோ அவர் என்ன செய்கிறார் என்று எழுதுகிறோம். ‘தன்பாலீர்ப்பு’ என்பதில் ஈர்ப்பு இருக்கிறது, அதனால் பொருள் சரியாக உட்காருகிறது. இரு பாலர் மேலும் ஈர்ப்பு உள்ளவருக்கு ‘இருபாலீர்ப்பாளர்’. பொதுவாக எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ‘பால்புதுமையினர்’ புழக்கத்தில் இருக்கிறது. நங்கை (லெஸ்பியன்), நம்பி (கே), ஈரர் (இருபாலீர்ப்பாளர்) என்ற அழகான சொற்களைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். எனக்குப் பிடிக்கும், ஆனால் செய்தியில் போட்டால் பாதி வாசகர்களுக்கு விளக்கம் தர வேண்டியிருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, 2022-ல் தமிழ்நாடு அரசே இதற்கென்று ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதனால் ‘தமிழில் வேற வார்த்தை இல்லையே’ என்று செய்தி ஆசிரியர் சொன்னால் இப்போது எடுத்துக்காட்ட அச்சிட்ட பதில் உண்டு. நேரடி மேற்கோளில் ‘கே’, ‘லெஸ்பியன்’ என்று அவர் சொன்னபடியே விட்டுவிடுவேன். அந்தச் சொற்கள் எல்லோருக்கும் தெரியும்.

இருபாலீர்ப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் காணாமல் போவது அதுதான். ‘பை’ என்று தெளிவாகச் சொன்னவரையும் தலைப்பில் இடம் போதவில்லை என்று ‘தன்பாலீர்ப்பாளர்’ ஆக்கிவிடுகிறோம். அப்புறம் அவருடைய முன்னாள் காதலியின் படத்தைப் போட்டு ‘அப்போ அது?’ என்று கமென்ட் வரும். அந்தக் கேள்வியை உண்டாக்கியவர் தலைப்பு போட்டவர். டேலி விஷயத்தில் என்னைக் காப்பாற்ற ஒருவர், ‘பின்னாளில் அவரே தன்னை கே என்று சொன்னாரே, அப்போ நீங்க போட்டது சரிதானே’ என்றார். இல்லை. அந்த நாளில் அது அவர் சொல்லாத சொல். நான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

துணையாக இருப்பவரைக் குறிக்கும் சொல்லிலும் கை நடுங்கும். கல்யாணம் ஆனவர் என்றால் ‘கணவர்’, ‘மனைவி’. மேற்கோள் குறி வேண்டாம். ஒற்றைக் குறிக்குள் ‘கணவர்’ என்று போடுவது கண்ணடிப்பது மாதிரி. கல்யாணம் ஆகவில்லை என்றால் காதலர், காதலி, இணையர். ‘தோழி’ என்று எழுதி நழுவாதீர்கள்.

அந்தத் துணையின் பெயர் வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டீ சந்த் 2019 மே மாதம், தான் ஒரு பெண்ணோடு உறவில் இருப்பதாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை, தேவையில்லாத வெளிச்சம் அவர் மேல் விழ வேண்டாம் என்று நினைத்தார். பிரபலம் டூட்டீதான், அந்தப் பெண் இல்லை. ஊருக்கு ஆள் அனுப்பி அந்தப் பெண் யார் என்று விசாரிப்பது திறமையான நிருபர் வேலை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அவர் சொல்லாமல், வேறொருவர் சொன்னால்

எழுதாதீர்கள். இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை, ஆனாலும் நீட்டுகிறேன், ஏனென்றால் ஆசை காட்டும் வழிகள் நிறைய.

ஒன்று, நம்முடைய பழைய கிசுகிசு. ‘மூன்றெழுத்து நாயகன்’, ‘அந்த மாதிரி ஆளாம்’ என்று பெயர் போடாமல் எழுதி, வாசகரை ஊகிக்க விடுவது. வக்கீல் நோட்டீஸ் வராது என்பதைத் தவிர இதற்கும் பெயர் போடுவதற்கும் வித்தியாசம் இல்லை.

இன்னொன்று, நேருக்கு நேர் கேட்பது. 2000-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அமெரிக்கப் பேட்டியாளர் பார்பரா வால்டர்ஸ், ரிக்கி மார்ட்டினை இது பற்றி விடாமல் நெருக்கினார். அவர் பதில் சொல்லவில்லை. பத்து ஆண்டு கழித்து மார்ட்டின் தானாகச் சொன்ன பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்று வால்டர்ஸே வருந்தினார்.

மூன்றாவது, கெடு வைப்பது. 2022 ஜூனில் நடிகை ரெபெல் வில்சன் தன் காதலியோடு எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். தேடியது டிஸ்னி இளவரசனை என்று நினைத்தேன், வேண்டியிருந்ததோ டிஸ்னி இளவரசி என்று வேடிக்கையாக ஒரு வரி. அவ்வளவு இயல்பாக இருந்ததைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம்தான் ஓர் ஆஸ்திரேலிய நாளிதழின் பத்தியாளர், நான் அவரிடம் முன்பே கேட்டு இரண்டு நாள் அவகாசம் கொடுத்திருந்தேன், அவர் முந்திக்கொண்டார் என்று குறைபட்டு எழுதினார். எதிர்ப்பு கிளம்பியது, பத்தியை எடுத்துவிட்டு மன்னிப்பு கேட்டார். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று நடிகர் கிட் கானர், தான் ‘பை’ என்று ட்விட்டரில் எழுதி, ஒரு 18 வயதுப் பையனைச் சொல்லவைத்ததற்கு வாழ்த்துகள் என்று முடித்தார். அவரை நெருக்கியவர்கள் நிருபர்கள்கூட இல்லை, ரசிகர்கள்.

டென்னிஸில் மார்ட்டினா நவரத்திலோவா கதை இன்னும் பழையது. 1981-ல் ஒரு நியூயார்க் நாளிதழ் நிருபரிடம் பேசினார், இப்போதைக்குப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த அதே ஜூலை மாதத்தில் செய்தி வந்துவிட்டது. அதே 1981-ல் இன்னொரு டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் மீது தொடுக்கப்பட்ட ஒரு வழக்கால் அவர் விஷயம் வெளியே வந்தது. 24 மணி நேரத்துக்குள் விளம்பர ஒப்பந்தங்கள் எல்லாம் கையைவிட்டுப் போயின என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். மற்றவர் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்கும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது இந்த 24 மணி நேரக் கணக்கைத்தான்.

‘முதல்’ என்று எழுதும் முன்

இந்தச் செய்திகளில் ‘உலகின் முதல்’, ‘வரலாற்றில் முதல்’ மழை மாதிரி கொட்டும். 2022 மே மாதம் பிளாக்பூல் அணியின் 17 வயது ஜேக் டேனியல்ஸ், தான் கே என்று சொன்னபோது, ‘முதல் கால்பந்து வீரர்’ என்று தலைப்பு போட்டால் எத்தனை பேர் அழிகிறார்கள் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஜோஷ் காவல்லோ சொன்னார். 2012-லேயே அமெரிக்காவின் மேகன் ரப்பினோ சொன்னார். 1990-ல் இங்கிலாந்தில் ஜஸ்டின் ஃபஷானு சொன்னார். பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முதல் கறுப்பின வீரர் அவர். சொன்ன பிறகு அவர் பட்ட பாடு தனிக் கதை. 1998-ல் 37 வயதில் தற்கொலை செய்துகொண்டார். 1990-ல் அவர் சொன்ன பிறகு அந்த நாட்டில் ஆடிக்கொண்டே சொல்ல இன்னொரு ஆண் வீரர் வர 32 ஆண்டு ஆயிற்று. ஆகவே சரியான வாக்கியம் நீளமாகத்தான் இருக்கும்: ‘பிரிட்டனின் ஆண்கள் தொழில்முறைக் கால்பந்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்னவர், 1990-க்குப் பிறகு இவர்தான்.’ இதில் எந்தச் சொல்லை வெட்டினாலும் பொய்யாகிவிடும். நீளமாக இருக்கிறதே என்றால் ‘முதல்’ என்ற கதையையே விட்டுவிட்டு, 17 வயதுப் பையன் சொன்னான் என்று எழுதுங்கள், அதுவே போதும்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய வேலையில் அவர் இருக்கும் படம் போடுங்கள். வானவில் கொடியைத் தேடி ஒட்டாதீர்கள். படம் கிடைக்கவில்லை என்று முகம் தெரியாத இரண்டு பேர் கைகோத்து நிற்கும் படத்தை வாங்கிப் போடுவது சோம்பேறித்தனம்.

அடுத்த செய்தியில்

ஒருவர் சொல்லிவிட்டார், நாமும் ஒழுங்காக எழுதிவிட்டோம். ஆறு மாதம் கழித்து டிம் குக் புதிய ஃபோனை அறிமுகப்படுத்துகிறார். ‘தன்பாலீர்ப்பாளரான டிம் குக்’ என்று ஆரம்பிக்க வேண்டுமா? வேண்டாம், ஃபோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 2021 ஜூலையில் டோக்கியோவில் டேலி தங்கம் வென்றபோது, நான் ஒரு கே, ஒலிம்பிக் சாம்பியனும்கூட, இதைச் சொல்வதில் பெருமைப்படுகிறேன் என்று அவரே இரண்டையும் சேர்த்துச் சொன்னார். அதை வெட்டிவிட்டு வெறும் புள்ளிக் கணக்கைப் போட்டால் அதுவும் தவறு. அன்று அந்தச் செய்தி என் மேசைக்குத்தான் வந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணிப் போட்டேன்.

பழைய கோப்புகளும் இருக்கின்றன. நடிகர் எலியட் பேஜ் 2014 பிப்ரவரியில் ஒரு மேடையில் தான் கே என்று பேசினார். 2020 டிசம்பரில், தான் திருநர் (டிரான்ஸ்) என்றும் தன் பெயர் எலியட் என்றும் சொன்னார். 2014-ஐப் பற்றி இன்று எழுதினாலும் எலியட் என்றே எழுதுங்கள். தமிழில் ‘அவர்’ இருப்பதால் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும். ‘நடிகை’ என்று இருக்கும் இடங்களை மட்டும் தேடிப் பிடித்து ‘நடிகர்’ ஆக்க வேண்டும்.

அப்படித் தேடிக்கொண்டிருந்த ஒருநாள்தான் என் 2013 செய்தி கண்ணில் பட்டது. அச்சில் போனதை ஒன்றும் செய்ய முடியாது. இணையப் பதிப்பில் தலைப்பை ‘ஆண் ஒருவரைக் காதலிக்கிறேன்: டாம் டேலி’ என்று மாற்றி, கீழே திருத்தம் செய்த தேதியையும் போட்டேன். லிங்க்கை மட்டும் மாற்ற முடியாது என்று தொழில்நுட்பப் பிரிவில் சொல்லிவிட்டார்கள், மாற்றினால் பழைய பகிர்வுகள் எல்லாம் உடைந்துவிடுமாம். அதனால் இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தால், மேலே முகவரிக் கட்டத்தில் ‘ஒப்புக்கொண்டார்’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது.